வெள்ளை அட்டைக் கூண்டுகள்

நாத்தனாரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் ஆய்வகத்து மேடத்தின் முன்னால் நிறுத்தியவளே கூண்டக்காதான். அதனால் பிற்பாடு வயிறு எரிந்தபோது நொந்துகொள்ள வேறு ஆள் கிடைக்கவில்லை. தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டவள் யாரிடம் போய் முறையிடுவாள்?

கூண்டக்கா என்பது அந்த ஆய்வகத்தில் அவளுக்கு விழுந்த பெயர். கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத நீள அறை ஒன்று. அதில் நூற்றுச் சொச்சம் கூண்டுகளும் நானூறு வெள்ளை எலிகளும் இருந்தன. காலை ஆறு மணிக்கு விளக்கு தானாக எரியும், மாலை ஆறுக்குத் தானாக அணையும். அந்த எலிகளுக்கு அதுதான் சூரியன். அவற்றுக்குத் தீவனம் வைப்பது, தண்ணீர்ப் புட்டியை மாட்டுவது, கூண்டின் அடியில் பரப்பிய மரச்சீவலை மாற்றுவது, எடை பார்த்து எழுதுவது எல்லாம் பதினோரு வருஷமாக அவள் வேலை. ஊசி போடும்போது எலியைப் பிடித்துக்கொள்வதும் அவள்தான். மற்றவர்கள் தொட்டால் கீச்சென்று கத்திக் கடிக்க வரும் எலி, அவள் உள்ளங்கையில் வந்ததும் பிள்ளை தூங்குகிற மாதிரி கண்ணைச் செருகிக்கொள்ளும்.

"பயந்த எலியோட மூளை பொய் சொல்லும்," என்பாள் மேடம். "பிடிக்கும்போது பதறிடுச்சுன்னா அந்தப் பதற்றமே உள்ள எல்லாத்தையும் மாத்திடும். அப்புறம் நான் அளக்கறது மருந்தையா, பயத்தையா? உன் கையில இருந்து வர்ற எலிதான் உண்மை பேசுது."

இந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு கூண்டக்கா பதினோரு வருஷம் ஓட்டியிருந்தாள். தினமும் பதினொரு மணிக்கு மேடம் கீழே இறங்கி வருவாள். "என்ன சொல்றாங்க உன் பசங்க?" என்று கேட்பாள். தன் ப்ளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றி, மூடியைக் கூண்டக்காவிடம் நீட்டுவாள். மேடம் கோப்பையில் குடிப்பாள், இவள் மூடியில் குடிப்பாள். படித்தவர்கள் எத்தனையோ பேர் மேலே நடமாடினார்கள். அந்த மூடி அவர்கள் யாருக்கும் கிடைத்ததில்லை.

மேல் மாடியில் புதிதாக ஒரு ஆய்வறை கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே நிரந்தரமாக ஓர் உதவியாளர் வேண்டும், ஒரே ஓர் இடம். "அது வந்தா உனக்குத்தான்," என்று மேடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். எட்டாவதோடு பள்ளியை விட்டவள் கூண்டக்கா. வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, ஜன்னல் உள்ள அறையில், வெளிச்சத்தில் உட்கார்ந்து வேலை செய்வதை அவள் யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள்ளேயே பலமுறை செய்து பார்த்திருந்தாள்.

இப்படி இருக்கையில்தான் புருஷனின் தங்கை வேலை போய் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஆய்வக வேலைக்கென்றே இரண்டு வருஷம் படித்தவள் அவள். வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள்.

"உங்க மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்," என்றான் புருஷன். "உன் பேச்சுக்கு அங்க மதிப்பு உண்டுன்னு சொல்லுவியே."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளைக் கவிழ்த்தது. மதிப்பு உண்டு என்று காட்ட வேண்டியிருந்தது. காட்டினாள். மறு வாரமே நாத்தனார் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்துவிட்டாள்.

மூன்று நாள் கூண்டக்கா அவளுக்கு எலியறையின் நடைமுறைகளைச் சொல்லிக் கொடுத்தாள். உள்ளே வரும்போது செருப்பை எங்கே விடுவது, கதவை எப்படிச் சத்தமில்லாமல் சாத்துவது, எந்தக் கூண்டின் கம்பி தளர்ந்திருக்கிறது என்பது வரைக்கும். நாத்தனார் எல்லாவற்றையும் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதியதைத் திருப்பிச் சொல்லி, "சரியா அண்ணி?" என்று கேட்டாள். அவளிடம் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதுவே ஒரு குறையாக இருந்தது.

பாக்கி இருந்தது அட்டை விஷயம் ஒன்றுதான். பரிசோதனை நடக்கும்போது பாதி எலிகளுக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புநீர். எது எது என்று தெரிய கூண்டின் முகப்பில் நிற அட்டை செருகுவார்கள். சிவப்பு என்றால் மருந்து, வெள்ளை என்றால் உப்புநீர். எங்கேயும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. பழைய உதவியாளர் ஒருவர் தொடங்கிவைத்த வழக்கம் அது. அந்த அறைக்கு வந்தவர்கள் வாய்மொழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இதைத் தேநீருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு கூண்டக்கா எடைத்தாளைக் கொடுக்க மாடிக்குப் போனாள்.

மேடத்தின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நாத்தனார் உள்ளே நின்றுகொண்டு ஏதோ சொல்ல, மேடம் சிரித்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரின் கையில் ப்ளாஸ்க் மூடி இருந்தது. ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

கூண்டக்கா எடைத்தாளை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். படியில் யாரோ வணக்கம் சொன்னார்கள், காதில் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் நாத்தனார் நோட்டோடு வந்து நின்றாள்.

"வேற ஏதாவது இருக்கா அண்ணி?"

"அவ்வளவுதான்," என்றாள் கூண்டக்கா. "மீதியெல்லாம் படிச்சவங்களுக்கே தெரியும்."

இத்தனைக்கும் அவள் திட்டம் போட்டுச் சொன்ன பேச்சில்லை அது. அப்போது நாக்கில் வந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட ஓர் எண்ணம் இருந்தது. மறுநாள் பதினொரு மணிக்கு மேடம் கீழே வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. "மேடத்துக்கு முழங்கால் வலி, அதான் நான் கணக்கை எடுத்துட்டுப் போய் மேலயே காட்டிடறேன்," என்றாள் நாத்தனார். அட்டை விஷயம் கூண்டக்காவின் நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது.

நாலு மாதம் கழித்துப் பெரிய பரிசோதனை தொடங்கியது. நாத்தனார் வந்தபின் அட்டை செருக வேண்டிய முதல் பரிசோதனை அதுதான். கை கால் நடுங்கும் நோய்க்குக் கொடுக்கிற மருந்து ஒன்று. இருபத்துநாலு எலிகள், தினம் காலை ஒன்பதுக்கு ஊசி, எட்டு நாள். எட்டாம் நாள் கடைசி ஊசிக்கு ஒரு மணி நேரம் கழித்து மூளையை எடுத்து அளக்க வேண்டும்.

"எதை அளப்பீங்க?" என்று கூண்டக்கா சாப்பாட்டு வேளையில் கேட்டாள். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் எலி அவளுடையது.

நாத்தனார் படியில் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். "இந்த மருந்து மூளைக்குள்ள போய் டோபமைனா மாறும் அண்ணி. நடுக்கம் நிக்கறதுக்கு அது வேணும். ஆனா மூளையில செரோட்டோனின்னு இன்னொண்ணு இருக்கு. தூக்கம், பசி, மனசு நல்லா இருக்கறது, அதெல்லாம் அதோட பொறுப்புன்னு வெச்சுக்குங்களேன். அதைச் செய்யறதுக்குன்னு தனியா செல்லுங்க இருக்கு. இந்த மருந்து என்ன பண்ணுதுன்னா, அந்தச் செல்லுக்குள்ளயும் நுழைஞ்சிடுது. செரோட்டோனினைச் செய்யற அதே நொதி இதையும் டோபமைனா மாத்திடுது. இது உள்ள நிரம்ப நிரம்ப, அங்க இருந்த செரோட்டோனினுக்கு இடமில்லாம வெளிய தள்ளுது. தள்ளினது சிதைஞ்சு கழிவாப் போயிடும். அதனாலதான் சில நோயாளிங்களுக்கு நடுக்கம் நின்னாலும் மனசு சோர்ந்து போகுதோன்னு ஒரு சந்தேகம். மேடம் அதைத்தான் பார்க்கறாங்க."

கூண்டக்கா மெல்லுவதை நிறுத்தினாள். "வீட்டுக்காரனை வாசல்ல நிறுத்திட்டு வந்தவன் உள்ள பாய் விரிச்சுப் படுத்துக்கறான்."

"ஆமா."

"ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டின கதைதான்."

நாத்தனாருக்குச் சிரிப்பில் புரை ஏறியது. "அதேதான் அண்ணி. எட்டுப் பக்கம் எழுதியிருக்காங்க, நீங்க ஒரு வரியில முடிச்சுட்டீங்க. மேடம்கிட்ட சொல்றேன் பாருங்க."

யாரைச் சொல்லுகிறோம் என்று தெரியாமலே சிரிக்கிறாளே என்று கூண்டக்கா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்து மேடம் வராந்தாவில் எதிர்ப்பட்டு நின்றாள். "உன் நாத்தனார் ஒரு பழமொழி சொன்னா பாரு, பிடாரின்னு. என்ன மூளை அந்தப் பொண்ணுக்கு," என்று சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு போனாள். கூண்டக்காவின் கையில் தண்ணீர்ப் புட்டிகள் இருந்தன. கீழே போட்டு உடைக்கலாம் போல இருந்தது. ஆனால் அவற்றையும் அவளே பெருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை மரச்சீவல் மாற்றுகிற முறை. கூண்டக்கா ஒவ்வொரு கூண்டாக அடித்தட்டை இழுத்தாள். நாலு எலிக்கு ஒரு கூண்டு, ஆறு கூண்டுகள். மூன்றில் சிவப்பு அட்டை, மூன்றில் வெள்ளை.

இந்த மருந்தை அவள் முன்பே அறிவாள். ஆறு வருஷத்துக்கு முன் ஒருமுறை வந்திருந்தது. வெளிச்சம் பட்டால் கறுத்துவிடும் என்று புட்டியையே அலுமினியத் தாள் சுற்றித்தான் வைப்பார்கள். அது எலியின் உடம்புக்குள் போய் மூத்திரமாக வெளியே வந்தாலும் காற்றுப் பட்டதும் கறுக்கும். மரச்சீவலில் மை கொட்டிய மாதிரி திட்டுத் திட்டாக இருக்கும். இதை மாடியில் யாரும் பார்த்ததில்லை. மரச்சீவலை அவர்கள் ஏன் பார்க்கப் போகிறார்கள்?

சிவப்பு அட்டைக் கூண்டுகளில் மரச்சீவல் வழக்கமான மஞ்சளில் இருந்தது. வெள்ளை அட்டைக் கூண்டுகள் மூன்றிலும் கறுத்துக் கிடந்தது.

அவள் திரும்ப ஒருமுறை பார்த்தாள். வெள்ளை அட்டை எலிகள் ஓயாமல் மோப்பம் பிடித்துக்கொண்டு, ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு இருந்தன. சிவப்பு அட்டை எலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு தூங்கின. அப்படியானால் நாத்தனார் மாற்றிச் செருகியிருக்கிறாள். அவள் முன்பு வேலை பார்த்த இடத்தில் சிவப்பு என்றால் உப்புநீராக இருந்திருக்கும். இங்கே வேறு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. யாரும் என்றால் யார்?

ஓடிப்போய்ச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அட்டையை மாற்றிச் செருகினால் காரியம் முடிந்தது. கூண்டக்கா மரச்சீவல் வாருகிற கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன மூளை அந்தப் பொண்ணுக்கு என்ற குரல் காதில் ஓடியது. பிறகு கறுத்த மரச்சீவலை வாரிப் பையில் கட்டி, எரிக்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டாள். நல்ல மூளை இருக்கிறவள் தானே கண்டுபிடிக்கட்டும்.

ஐந்தாம் நாளும் ஏழாம் நாளும் அப்படியே கட்டி அனுப்பினாள். எட்டாம் நாள் மூளைகளை எடுத்தார்கள். கூண்டக்கா ஒவ்வோர் எலியாகக் கையில் வாங்கி, பதறாமல் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த வேலையில் மட்டும் அவள் யாரையும் நினைப்பதில்லை. எல்லாம் முடிந்ததும் காலியான ஆறு கூண்டுகளைக் கழுவினாள். நாலாம் முறையாக, வெள்ளை அட்டைக்குக் கீழே இருந்த கறுப்பும் அந்தத் தண்ணீரோடு போயிற்று.

பனிக்கட்டி கொண்டுவருகிறவர் வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஒரு பேச்சை இழுத்தார். "மேல ஒரு நாற்காலி வருதாமே கூண்டக்கா. உங்களுக்கா, உங்க வீட்டுக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"அதைச் சொல்றப்ப ஏன் பல்லைக் கடிக்கறீங்க?"

"உங்க ஐஸைத் தொட்டேன், கூசுது," என்றாள் கூண்டக்கா.

அந்த ஆய்வகத்தில் இன்னொரு விதி உண்டு. ஊசி போட்ட கை அளக்கக் கூடாது. ஆசை அளவில் புகுந்துவிடும் என்பாள் மேடம். அதனால் நாத்தனார் மூளைத் துணுக்குகள் இருந்த குழாய்களில் சிவப்பு, வெள்ளை என்று மட்டும் ஒட்டிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். மேடம் தானே இயந்திரத்தின் முன் உட்கார்ந்து இரண்டு வாரம் அளந்தாள். டோபமைனை அளக்கிற பாகம் பழுது. புதியது வர ஒரு மாதமாகும். செரோட்டோனினையும் அதன் கழிவையும் மட்டும் அளந்து, சிவப்பு மருந்து, வெள்ளை உப்புநீர் என்று கணக்குப் போட்டாள்.

திங்கட்கிழமை மேடம் முழங்கால் வலியை மறந்து எலியறைக்கே இறங்கி வந்துவிட்டாள். பின்னால் நாத்தனார்.

"கூடியிருக்கு," என்றாள் மேடம். "எல்லா ஆய்வுலயும் செரோட்டோனின் குறையுது. நம்ம எலிகளுக்கு மருந்து கொடுத்தா கூடுது. இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை." நாத்தனாரின் தோளில் கை போட்டிருந்தாள். "இவ கை ராசி. வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு கூடுது. அதுல இருக்கற அந்தக் கண்ணாடிக்காரர் பத்து வருஷமா நான் எதைச் சொன்னாலும் சிரிக்கறார். இந்தத் தடவை வரைபடத்தைப் போட்டுக் காட்டிட்டு நான் சிரிக்கப் போறேன். இவளும் கூட வர்றா."

 குழி வெட்டிவிட்டுக் காத்திருந்தால், விழ வேண்டியவள் அதன்மேல் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கணக்குத் தப்பும், திட்டு விழும், மாடியிலிருந்து அனுப்பப்படுவாள் என்றுதான் கூண்டக்கா நினைத்திருந்தாள். தப்பே மாலையாக மாறி நாத்தனார் கழுத்தில் விழும் என்று எந்தப் பிடாரி நினைத்தாள்?

வீட்டில் புருஷன் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டான். "நம்ம வீட்டுப் பொண்ணு குழு முன்னால நிக்கப் போறா," என்று அண்டை வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். பதினோரு வருஷத்தில் எலியைப் பற்றி அவன் கேட்ட ஒரே கேள்வி, கையை நல்லா கழுவினியா என்பது.

ஒரு மாதம் பொறுத்தால் போதும். புதிய பாகம் வந்து, வெள்ளைக் குழாய்களில்தான் டோபமைன் கூடியிருக்கிறது என்று தெரிந்த அன்றே வேஷம் கலைந்துவிடும். அப்போது நாத்தனாரை யாராலும் காப்பாற்ற முடியாது. கூண்டக்கா வாயைத் திறக்கவே வேண்டாம். செவ்வாய்க்கிழமை முழுக்க இதைச் சொல்லி மனசைச் சமாதானப்படுத்தினாள். புதன்கிழமை அந்தச் சமாதானத்தில் ஓட்டை விழுந்தது. மேடம் மாடி வராந்தாவில் தனியாக நின்று, சுவரைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். தலைக்கு மை அடித்திருந்தாள். ஒரு மாதம் கழித்து வேஷம் கலையும்போது அந்தக் கண்ணாடிக்காரர் யாரைப் பார்த்துச் சிரிப்பார்? நாத்தனாரை அவருக்கு யாரென்றே தெரியாது.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கூண்டக்கா மாடி ஏறினாள்.

மேடமும் நாத்தனாரும் வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். கூண்டக்கா உட்காரவில்லை.

"மேடம், அட்டை மாறியிருக்கு."

"எந்த அட்டை?"

"சிவப்பு உப்புநீர். வெள்ளைதான் மருந்து."

மேடம் கண்ணாடியைக் கழற்றினாள். நாத்தனாரைப் பார்த்து, "நீ சிவப்புன்னு எதுக்கு வெச்சே?" என்று கேட்டாள்.

"உப்புநீருக்கு மேடம்." நாத்தனாரின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. "அப்படித்தானே... இங்க வேற மாதிரியா?"

 மேடம் மெதுவாகக் கேட்டாள். "எட்டு நாளும் அப்படியேவா? நடுவுல ஒரு நாள் யாராவது மாத்திச் செருகியிருந்தா? பாதி அப்படி பாதி இப்படின்னா இருபத்துநாலு எலியும் வீண்."

"மாறலை," என்றாள் கூண்டக்கா. "நாலு தடவை மரச்சீவல் மாத்தினேன். நாலு தடவையும் வெள்ளைக்குக் கீழதான் கறுப்பு. இந்த மருந்து போனா மூத்திரம் கறுக்கும்."

"மனுஷங்களுக்குக் கறுக்கும்னு படிச்சிருக்கேன். எலிக்கும் கறுக்குமா?"

"கறுக்கும்."

"வாயால சொல்ல வேண்டாம். எலி சொல்லட்டும்."

மூன்று பேரும் கீழே இறங்கினார்கள். இரண்டு எலிகளை எடுத்து, ஒன்றுக்கு மருந்தும் ஒன்றுக்கு உப்புநீரும் போட்டார்கள். கூண்டக்கா பிடித்துக்கொள்ள, மேடமே ஊசி போட்டாள். மரச்சீவலுக்குப் பதில் வெள்ளைக் காகிதம் விரித்த இரண்டு கூண்டுகளில் அவற்றை விட்டுவிட்டு, முக்காலிகளை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்தார்கள்.

நாளைக்குக் குழு முன்னால் நிற்க வேண்டிய மேடம், இரண்டு எலிகள் எப்போது மூத்திரம் போகும் என்று கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தாள். உப்புநீர் எலி ஐந்தே நிமிஷத்தில் போய்விட்டது. மற்றது காகிதத்தை மோந்தது, மூலைக்குப் போனது, திரும்ப மோந்தது. பனிக்கட்டிக்காரர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, யாருக்குப் பிரசவம்?" என்று கேட்டுவிட்டு, மேடத்தைக் கண்டதும் பெட்டியோடு மறைந்துவிட்டார்.

கடைசியில் அதுவும் போயிற்று. முதலில் வெறும் ஈரம். கொஞ்ச நேரத்தில் பழுப்பாயிற்று. அரை மணியில் அந்த இடம் கறுத்துவிட்டது. மற்றக் கூண்டின் காகிதத்தில் வெறும் மஞ்சள் வட்டம்.

"அப்ப குறைஞ்சிருக்கு," என்றாள் மேடம். "எல்லாருக்கும் குறைஞ்ச மாதிரி எனக்கும் குறைஞ்சிருக்கு." கறுத்த காகிதத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு கேட்டாள், "நாலு தடவைன்னியே. முதல் தடவை எப்ப?"

"மூணாம் நாள்."

"மூணாம் நாளே தெரியும் உனக்கு."

கூண்டக்கா தலையசைத்தாள். அட்டை மாறவில்லை என்று நிரூபிக்கிற சாட்சியும் அவளைக் காட்டிக்கொடுக்கிற சாட்சியும் ஒன்றாகவே இருந்தன. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வழியில்லை.

"இவளுக்கு நம்ம அட்டை வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தியா இல்லையா?"

இங்கே ஒரு வழி இருந்தது. சொன்னேன், மறந்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை. பதினோரு வருஷத்துப் பேச்சா, நாலு மாதத்துப் பேச்சா என்று வந்தால் மேடம் எதை நம்புவாள் என்று கூண்டக்காவுக்குத் தெரியும். மாடி நாற்காலி அந்த ஒரு வார்த்தைக்கு அப்பால்தான் இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"அண்ணி சொல்லியிருப்பாங்க மேடம். முதல் வாரம் எவ்வளவோ சொன்னாங்க. நான்தான் மறந்திருப்பேன்."

  நாத்தனாரின் சின்ன நோட்டு மேலே மேஜையில் இருந்தது. அதில் அட்டை பற்றி ஒரு வரியும் இல்லை என்று அவளுக்கும் தெரியும், கூண்டக்காவுக்கும் தெரியும்.

கூண்டக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. படிப்பு இவளுக்கு, மூடி இவளுக்கு, பழமொழியும் இவளுக்கு. கடைசியில் பெருந்தன்மையையும் இவளே தட்டிக்கொண்டு போவதா? இவள் போட்ட பிச்சையில் மாடி ஏறி, ஆயுசு முழுக்க இவள் முகத்தைப் பார்த்து நன்றி சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கவா?

"இல்லை," என்றாள். "நான் சொல்லலை. வேற ஏதாவது இருக்கான்னு கேட்டா. இல்லைன்னு சொன்னேன். மறக்கலை அவ."

மேடம் எழுந்தாள். முழங்கால் சொடுக்கியது. "நாளைக்குப் போய்க் குறையுதுன்னே சொல்லிட்டு வர்றேன். அதுவும் உண்மைதான், சின்ன உண்மை." கதவருகில் நின்று, திரும்பாமலே பேசினாள். "மேல எனக்கு வேண்டிய ஆள், பார்த்ததைப் பார்த்த அன்னிக்கே சொல்ற ஆள். உன்னை நினைச்சுத்தான் அந்த இடத்தைக் கேட்டு வாங்கினேன். இனி அவ வரட்டும்."

 கூண்டக்கா இரண்டு எலிகளையும் பழைய கூண்டில் விட்டு, தண்ணீர்ப் புட்டியைச் சரிபார்த்தாள். மருந்து எலி இன்னும் மோந்துகொண்டே இருந்தது.

மாலையில் பேருந்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம் கிடைத்துத் தொலைத்தது. நாத்தனார் ஜன்னலோரம். நாலு நிறுத்தம் போயிற்று.

"நாலு தடவை," என்றாள் நாத்தனார் திடீரென்று. "ஒரு தடவை பேசாம இருந்தீங்கன்னா கோபம்னு வெச்சுக்குவேன். நாலு தடவை கறுப்பை வாரிக் கட்டியிருக்கீங்க. வீட்டுக்கு வந்து எனக்குச் சோறும் போட்டிருக்கீங்க."

"ஆமா."

"ஆமாவா? வேற ஒண்ணும் இல்லையா?"

"நீ ஏன் பழியை உன் தலையில போட்டுக்கிட்டே? யார் கேட்டா உன்னை?"

நாத்தனார் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "நான் நல்லவள்னு நினைச்சீங்களா? உங்களுக்கு என்கிட்ட ஒரு தலைகுனிவு இருக்கட்டும்னுதான். நாலு மாசமா என் காது புளிச்சுப் போச்சு. நான் ஊசி போட்டா மேடம் 'உங்க அண்ணி பிடிச்சதாலதான் எலி அசையலை'ம்பாங்க. எடை எழுதிக் காட்டினா 'உங்க அண்ணி எழுத்து மாதிரி வராது'ம்பாங்க. அந்தப் பிடாரியைச் சொன்னேனே, 'இது எங்க அண்ணி சொன்னது'ன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள சிரிச்சாங்க. முதல் தடவையா என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. அப்படியே விட்டுட்டேன். ஒரு தடவையாவது உங்க பேர் இல்லாம ஒரு பாராட்டு வரட்டும்னு விட்டுட்டேன்."

பேருந்து ஒரு திருப்பத்தில் சாய்ந்தது. இருவர் தோளும் இடித்துக்கொண்டன. யாரும் விலகவில்லை, விலக இடமும் இல்லை.

மாடியும் வெளிச்சமும் போன நாளில் மனுஷிக்கு அழுகை வர வேண்டும். கூண்டக்காவுக்கு நெஞ்சுக்குள் வேறு ஏதோ, வெட்கங்கெட்ட மாதிரி, மெல்லத் தலை தூக்கியது. அவள் முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்கோ பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எழுத்தைப் பத்தி மேடம் என்ன சொன்னாங்க? இன்னொரு தடவை சொல்லு."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன்," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.